ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா: காசநோய்ப் பரிசோதனையில் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

காசநோய் என்று சந்தேகம் வந்தால் முதல் பரிசோதனையாக எதைச் செய்வது என்று கேட்டால் எங்களிடம் ஒரே பதில்தான்: கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் (சாம்பிளை ஊற்றி இயந்திரத்தில் வைக்கும் சிறு பெட்டி). செஃபிட் நிறுவனத்தின் இந்தப் பரிசோதனையின் முதல் வடிவமான எக்ஸ்பர்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. 2017-ல் அல்ட்ராவும் பரிந்துரைக்குள் வந்தது. கிருமி இருக்கிறதா, அது காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 80 நிமிடத்துக்குள் பதில் தருகிறது. கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) வளரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கும் நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனாலும் "அல்ட்ரா நெகட்டிவ், அதனால் டிபி இல்லை" என்று எழுதப்படும் சீட்டுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இயந்திரம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தனக்குள் ஊற்றப்பட்ட 2 மில்லி கலவையில் கிருமியின் டிஎன்ஏ இருந்ததா இல்லையா. நோயாளியின் உடம்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த 2 மில்லிக்குள் கிருமி வந்து சேருமா என்பது நோய் உடம்பில் எங்கே, எப்படிக் குடியேறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கருவியை மதிப்பிடும் முன் அந்த வழியைப் பார்த்துவிடுவோம்.

இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகள் காற்றில் காய்ந்து 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துகள்களாகி மணிக்கணக்கில் மிதக்கும். பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். இந்தச் சிறு துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. அங்கே காவல் நிற்கும் மேக்ரோபேஜ் செல்கள் கிருமியை விழுங்குகின்றன. மற்ற பெரும்பாலான பாக்டீரியாவாக இருந்தால் அதோடு கதை முடிந்துவிடும். காசநோய்க் கிருமியோ, தன்னைச் செரிக்கவேண்டிய அமிலப் பை தன்னோடு இணைய விடாமல் தடுத்து, விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. ஒரு முறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆவது இதனால்தான்.

உடம்பின் எதிர்ப்பு முழுதாகக் கிளம்ப 2 முதல் 8 வாரம் ஆகும். அந்த இடைவெளியில் கிருமி நிணநீர் வழியாக நுரையீரலின் வேர்ப்பகுதியிலுள்ள நெறிக்கட்டிகளுக்குப் போகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து மூளையுறை, முதுகெலும்பு, சிறுநீரகம், நுரையீரலின் மேல்நுனி என்று பல இடங்களில் விதைபோல விழுகிறது. எதிர்ப்பு வந்ததும் அந்த விதைகளைச் சுற்றி செல்கள் கூடி கிரானுலோமா என்ற கோட்டையைக் கட்டிவிடுகின்றன. தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இது வாழ்நாள் முழுதும் இப்படியே அடங்கிக் கிடக்கும். 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் எப்போதாவது நோயாக வெளிப்படும். எச்ஐவி, கட்டுப்படாத சர்க்கரை நோய், ஊட்டக்குறைவு, எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் இருந்தால் அந்த வாய்ப்பு கூடும்.

இனி பரிசோதனைக்கு நேரடியாகத் தொடர்புடைய இடம். நுரையீரலின் மேல்பகுதியில் கோட்டை உடைந்தால், நடுவிலிருக்கும் பாலாடைக்கட்டி போன்ற சிதைந்த திசு இளகி, மூச்சுக்குழாய்க்குள் கொட்டி, அந்த இடம் குழியாகிவிடும். காற்று நேராகப் புகும் அந்தக் குழியின் சுவரில் கிருமி கோடிக்கணக்கில் பெருகும். இந்த நோயாளியின் சளியில் ஸ்மியர் (சளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பாசிட்டிவ், அல்ட்ரா பாசிட்டிவ், கல்ச்சர் பாசிட்டிவ், எல்லாமே பாசிட்டிவ்தான். ரத்தத்தின் வழியாக இரண்டு நுரையீரலிலும் தினை மணி அளவில் பரவும் மிலியரி டிபி அப்படியல்ல. உயிருக்கே ஆபத்தான நிலையிலும் குழி இருக்காது, மூச்சுக்குழாய்க்கு வழி இருக்காது, சளியில் கிருமி குறைவாகவே வரும். நோயின் கடுமைக்கும் சளியிலுள்ள கிருமிக்கும் நேர் விகிதம் கிடையாது என்பதை இந்த ஒரு உதாரணம் போதுமான அளவு காட்டும்.

இப்போது கருவிக்கு வருவோம். பழைய ஜீல்-நீல்சன் ஸ்மியரில், நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சியாக ஒரு கிருமி கண்ணில் பட, ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்கவேண்டும். எக்ஸ்பர்ட்டின் முதல் வடிவத்துக்கு 100-க்குச் சற்று மேல் போதும். அல்ட்ராவுக்குச் சுமார் 16. இந்தப் பாய்ச்சலுக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வினை நடக்கும் அறை 25 மைக்ரோலிட்டரிலிருந்து 50 ஆகியிருக்கிறது. இரண்டாவதுதான் முக்கியமானது. பழையது ஆர்பிஓபி என்ற ஒரே மரபணுவை மட்டும் தேடியது. ஒரு கிருமிக்கு அது ஒரே ஒரு பிரதிதான். அல்ட்ரா கூடுதலாக ஐஎஸ்6110, ஐஎஸ்1081 என்ற இரண்டு துண்டுகளைத் தேடுகிறது. இவை ஒரே கிருமிக்குள் பல பிரதிகளாக இருப்பவை. சில கிருமி வகைகளில் ஐஎஸ்6110 ஒன்றுகூட இருக்காது. அதற்காகவே இரண்டாவது துண்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நன்றாக யோசித்துச் செய்த வடிவமைப்பு.

பலன் கண்கூடு. பல நாடுகளில் நடத்தி 2018-ல் வெளியான ஒப்பீட்டில், ஸ்மியரில் தெரியாமல் கல்ச்சரில் மட்டும் வளர்ந்தவர்களில் பழைய எக்ஸ்பர்ட் 46 சதவீதம் பேரைப் பிடித்தது, அல்ட்ரா 63 சதவீதம். எச்ஐவி உள்ளவர்களில் 77 சதவீதம் 90 ஆனது. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. முன்பே காசநோய் வந்து போனவர்களில் நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் 98-லிருந்து 93 சதவீதமாக இறங்கியது. செத்துப்போன கிருமியின் டிஎன்ஏவையும் இயந்திரம் உயிருள்ளதாகவே எண்ணிக்கொள்கிறது. இவ்வளவு கூர்மையான கண் இருந்தால் அதுவும் தெரியத்தான் செய்யும்.

கார்ட்ரிட்ஜின் உள்வேலை அழகானது. நடுவில் ஒரு சுழலும் வால்வு, சுற்றிலும் சிறு அறைகள், ஒரு பிஸ்டன். கலவையை உறிஞ்சி வடிகட்டியில் கிருமியைப் பிடித்து, கழுவி, மீயொலி அதிர்வால் அதன் தடித்த மெழுகுச் சுவரை உடைத்து, வெளிவந்த டிஎன்ஏவை பிசிஆருக்கான (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் வினை) உலர்ந்த மணிகளோடு கலந்து, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான குழாய்க்குள் அனுப்புகிறது. எல்லாம் மூடிய பெட்டிக்குள்ளேயே நடப்பதால் ஒரு சளியின் டிஎன்ஏ இன்னொன்றில் கலக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஓடி முடித்த கார்ட்ரிட்ஜை ஒருபோதும் திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அதற்குள் கோடிக்கணக்கில் நகலெடுக்கப்பட்ட டிஎன்ஏ இருக்கிறது. அந்தப் பின்பக்கக் குழாயில் கைரேகை பட்டாலும் ஒளியைப் படிப்பதில் தடங்கல் வரும். கார்ட்ரிட்ஜை எப்போதும் உடம்புப் பக்கம் பிடித்துத்தான் எடுக்கவேண்டும். மூடியைத் திறந்த பிறகு கீழே விழுந்ததையோ குலுங்கியதையோ பயன்படுத்தக் கூடாது.

செய்முறை எளிது, ஆனால் சோம்பலுக்கு இடம் தராது. ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு சாம்பிள் ரீஏஜென்ட் (சளியை இளக்கும் திரவம்). மூடியை இறுக்கி 10 முதல் 20 தடவை பலமாகக் குலுக்கி, 10 நிமிடம் வைத்து, மறுபடி அதே அளவு குலுக்கி, இன்னும் 5 நிமிடம். மொத்தம் 15 நிமிடம். இந்த நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறது: சளி இளகுகிறது, கிருமியின் உயிர்த்திறன் வெகுவாகக் குறைந்து கையாள்பவருக்கு ஆபத்து குறைகிறது. கூட்டம் நிற்கிறது என்று 7 நிமிடத்தில் எடுத்து ஊற்றினால் இரண்டுமே பாதியில் நிற்கும். முடிவில் கலவை தண்ணீர்போல ஓடவேண்டும். பைப்பெட்டை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நுனியிலிருந்து நூல்போல இழுத்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். பிறகு பைப்பெட்டின் 2 மில்லி கோடு வரை எடுத்து, குமிழி வராமல் மெதுவாகக் கார்ட்ரிட்ஜில் விட்டு, மூடி, 4 மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் வைக்கவேண்டும்.

பலர் கணக்குப் போட மறக்கும் இடம் ஒன்று உண்டு. 1 மில்லி சளி வந்தால் 2 மில்லி ரீஏஜென்ட் சேர்த்து மொத்தம் 3 மில்லி. கார்ட்ரிட்ஜுக்கு 2 போனால் மிச்சம் 1. ஓட்டம் நடுவில் மின்சாரம் போனாலோ எரர் வந்தாலோ, திரும்பச் செய்ய அந்த 1 மில்லி போதாது. நோயாளியை மறுபடி கூப்பிட்டாக வேண்டும். அவர் வராமலே போகலாம். அதனால்தான் குறைந்தபட்சம் 1 மில்லி போதும் என்று எழுதியிருந்தாலும், 3 முதல் 5 மில்லி வாங்கச் சொல்கிறோம்.

சளி என்றால் எச்சில் அல்ல. இதைச் சொல்லாமல் கொடுக்கும் சளிக் குப்பி பாதி வேலையைக் கெடுக்கும். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இருமித் துப்பவேண்டும். குப்பியைச் சாய்த்தால் மெதுவாக நகரும் கெட்டியான, மஞ்சள் அல்லது வெள்ளைத் திரள் இருந்தால் நல்ல சாம்பிள். நுரையும் தெளிந்த நீருமாக இருந்தால் அது வாயிலிருந்து வந்தது. இரவெல்லாம் தேங்கியிருப்பதால் காலையில் எழுந்ததும் வருவதே மேல். ரத்தம் அதிகமாகக் கலந்திருந்தால் பிசிஆரைத் தடுத்துவிடும். சோற்றுப்பருக்கை இருந்தால் வடிகட்டியை அடைக்கும். துப்பும் இடம் காற்றோட்டமான திறந்த வெளியாக இருக்கட்டும். அடைத்த கழிவறை மூலையில் நிற்கவைத்து இருமச் சொல்வது அடுத்து வருபவருக்கு நோயைக் கொடுப்பதற்குச் சமம்.

ஓடாமல் போகும் பரிசோதனைகளைப் பற்றி. "இன்வேலிட்" என்று வந்தால், கார்ட்ரிட்ஜுக்குள் சாட்சியாக வைத்திருக்கும் பாசிலஸ் ஸ்போர்களே சரியாகத் தெரியவில்லை என்று பொருள். பெரும்பாலும் சாம்பிளில் பிசிஆரைத் தடுக்கும் பொருள் இருக்கும். எரர் 2008 அழுத்தம் எல்லை மீறியதைக் குறிக்கும், அநேகமாகச் சளி சரியாக இளகவில்லை. 5007 ஒளிச்சோதனையில் தோல்வி: அளவு தவறியிருக்கலாம், சாம்பிள் கெட்டியாக இருக்கலாம், கார்ட்ரிட்ஜைச் சூட்டில் வைத்திருக்கலாம். கார்ட்ரிட்ஜ் 2 முதல் 28 டிகிரிக்குள் இருக்கவேண்டியது. வெயில் படும் அலமாரியில் அடுக்கிவைத்த பெட்டிகள்தான் பல ஆய்வகங்களில் மர்மமான எரருக்குக் காரணம். "நோ ரிசல்ட்" என்றால் ஓட்டம் நடுவில் நின்றது, பெரும்பாலும் மின்சாரம்.

ஓடாமல் போனவை மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் சும்மா விடக் கூடாது. மாதக் கணக்கை இரண்டு விதமாகப் பிரித்துப் பாருங்கள்: எந்த மாட்யூலில் (இயந்திரத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ் ஓடும் தனி அறை), யார் கையால். ஒரே மாட்யூலில் குவிந்தால் அது பழுது. எல்லா மாட்யூலிலும் பரவி, ஒருவரின் பணிநேரத்தில் குவிந்தால் அது செய்முறை. கார்ட்ரிட்ஜ் மோசம் என்று பழிபோடும் முன் இதைச் செய்தாலே பாதி சிக்கல் தீரும்.

இயந்திரத்தின் பெரிய குறையே அது கேட்கும் வசதிகள்தான். அறை 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தூசி ஆகாது, விசிறி வடிகட்டியைத் தவறாமல் கழுவவேண்டும். யுபிஎஸ் இல்லாமல் வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை அளவீட்டுச் சரிபார்ப்பு உண்டு. நான்கு மாட்யூல் இயந்திரத்தில் 8 மணி நேரத்துக்கு 20 வரை ஓட்டலாம் என்று கணக்கு வந்தாலும், சாம்பிள் தயாரிப்பையும் திரும்பச் செய்வதையும் சேர்த்தால் 16-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மின்சாரமும் குளிரூட்டலும் உறுதியில்லாத சிறு மையங்களுக்கு, பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் என்ற பிசிஆர் கருவி பொருத்தமான மாற்று. அதில் டிஎன்ஏ பிரிப்பதும் பிசிஆரும் இரண்டு தனிப் படிகள், பாசிட்டிவ் ஆனால் ரிஃபாம்பிசினுக்குத் தனிச் சிப். கைவேலை கொஞ்சம் கூடுதல்.

முடிவைப் படிப்பதில் அதிகக் குழப்பம் தருவது "ட்ரேஸ்". பல பிரதிகள் உள்ள துண்டுகள் தெரிந்தன, ஒற்றைப் பிரதியான ஆர்பிஓபி தெரியவில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். கிருமி மிகக் குறைவு. ரிஃபாம்பிசின் பற்றி அதில் பதில் இருக்காது. எச்ஐவி உள்ளவர், குழந்தை, நுரையீரலுக்கு வெளியே எடுத்த சாம்பிள் ஆகிய மூன்றிலும் ட்ரேஸை உண்மையான பாசிட்டிவ் என்றே எடுக்கவேண்டும். கடந்த 5 ஆண்டுகளுக்குள் காசநோய்க்குச் சிகிச்சை எடுத்தவரிடம் அது பழைய டிஎன்ஏவாக இருக்கலாம். அறிகுறி, எக்ஸ்ரே, கல்ச்சர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கவேண்டும். இதே காரணத்தால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க அல்ட்ராவைத் திரும்பத் திரும்பச் செய்வது தவறு. அதற்கு ஸ்மியரும் கல்ச்சரும்தான்.

ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் காட்டும் மாற்றங்களில் ஏறக்குறைய 95 சதவீதம், இந்தக் கருவி பார்க்கும் 81 எழுத்து நீளப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் அந்தப் பதிலை நம்பலாம். இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட் பற்றி அல்ட்ராவுக்கு எதுவும் தெரியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்பட்டு ஐசோனியாசிட்டுக்குக் கட்டுப்படாத கிருமி இந்தச் சீட்டில் சாதாரணக் கிருமியாகவே தெரியும். அதைப் பார்க்க எக்ஸ்டிஆர் கார்ட்ரிட்ஜ் தனியாக வேண்டும். அது 10 நிற ஒளியைப் படிக்கும் மாட்யூலில்தான் ஓடும், பழைய 6 நிற மாட்யூலில் ஓடாது. புதிதாக இயந்திரம் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. தோலில் போடும் டியூபர்குலின் ஊசியையும் இக்ரா ரத்தப் பரிசோதனையையும் இதற்குப் பதிலாக எண்ணவே கூடாது. அவை கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்ததைச் சொல்லும், நோய் இருப்பதைச் சொல்லாது.

நுரையீரலுக்கு வெளியே இந்தக் கருவியின் மதிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. கழுத்து நெறிக்கட்டியில் ஊசிபோட்டு எடுத்த சீழில் நன்றாகவே பிடிக்கிறது, ஏனென்றால் கிருமி அங்கேயே குடியிருக்கிறது. நுரையீரல் உறையில் சேரும் நீரில் ஏமாற்றம்தான். அந்த நீர் பெரும்பாலும் உடம்பின் எதிர்வினையால் ஊறுவது, கிருமி உறைத் திசுவில் ஒட்டிக்கொண்டிருக்கும், நீரில் மிதப்பது சொற்பம். உறையின் பயாப்சித் துண்டு கிடைத்தால் அதை ஓட்டுங்கள். மூளையுறைக் காய்ச்சலில் தண்டுவட நீர் எவ்வளவு கிடைக்கிறது என்பதே பாதி முடிவு: 5 மில்லிக்கு மேல் எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, அடியில் படிந்ததை மட்டும் 2 மில்லி ரீஏஜென்ட்டில் கரைத்து ஓட்டினால் வாய்ப்பு கூடும். அப்படிச் செய்தும் நெகட்டிவ் என்றால் மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. இந்த நோயில் சில நாள் தாமதம் உயிரையோ மூளையின் திறனையோ பறித்துவிடும்.

குழந்தைகளுக்குக் குழி உண்டாவது அரிது, சளியைத் துப்பவும் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அப்படி விழுங்கியது இரைப்பை நீரிலும் மலத்திலும் இருக்கும். மலத்தை நேரடியாக ரீஏஜென்ட் பாட்டிலில் கலந்து, கசடு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை எடுத்து அல்ட்ராவில் ஓட்டும் எளிய முறை இப்போது நடைமுறையில் இருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வெறும் வயிற்றில் இரைப்பை நீர் எடுக்கும் வேதனையிலிருந்து பல குழந்தைகளை இது காப்பாற்றுகிறது.

கடைசியாக, கருவிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் நடக்கும் ஒரு இழப்பு. அறுவை சிகிச்சையில் எடுத்த நெறிக்கட்டியையோ முதுகெலும்புத் துண்டையோ வழக்கம்போல முழுதாக ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், டிஎன்ஏவையும் சிதைக்கும். கல்ச்சருக்கு வழியே இல்லை, அல்ட்ராவும் நம்பகமாக ஓடாது. கிரானுலோமா தெரிகிறது என்று திசு அறிக்கை வரும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்று சொல்ல யாராலும் முடியாது. அறுவை அரங்கில் ஒரு குப்பியில் ஃபார்மலினும் இன்னொன்றில் நார்மல் சலைனும் முன்கூட்டியே எடுத்துவைத்து, திசுவைப் பாதியாக வெட்டி இரண்டிலும் போட்டு, சலைன் குப்பியை அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.